பெட்டி முந்தி, கேக் பிந்தி

சிவகாசியில் எந்தச் சரக்கும் முதலில் பெட்டியாகத்தான் பிறக்கும். படம் வரைந்து, அச்சடித்து, அட்டை மடித்து அடுக்கிய பிறகுதான், இதற்குள் வைக்க என்ன வெடி செய்யலாம் என்று போர்மேனைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். பெட்டியில் மயில் இருந்தால் உள்ளே இருப்பது தோகை விரித்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. புஸ்ஸென்று அணைந்தாலும் அது மயில்தான். ஊர் இத்தனை வருஷமாக இப்படியே நடந்து வருகிறது. ராஜபாண்டியன் இதே முறையைக் கேக்கில் கொண்டுவரும் வரை யாருக்கும் வயிறு கெட்டதில்லை.

ராஜபாண்டியனுக்கு ஒரு பட்டாசுக் கம்பெனியும் ஒரு ஆப்செட் அச்சகமும் உண்டு. 2006ல் எட்டு நாள் சிங்கப்பூர் போய் வந்தார். அங்கே ஏதோ ஒரு கடையில் மிளகாய் போட்ட ஐஸ்கிரீம் தின்றிருக்கிறார். தின்றவர் சும்மா இருந்திருக்கலாம். ஊர் திரும்பிய மூன்றாம் மாதம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி திறந்தார். பேக்கரி என்று சொன்னால் கோபம் வரும். ‘ருசி ஆராய்ச்சிக் கூடம்’ என்று சொல்ல வேண்டும். பலகையிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. அதனால் முதல் வாரம் இரண்டு பேர் ரத்தப் பரிசோதனைக்கு வந்துவிட்டுப் போனார்கள்.

ஆராய்ச்சியைக் கையால் செய்ய வேண்டியவர் செல்லச்சாமி. ஆமத்தூர்க்காரர். இருபத்திரண்டு வருஷமாகத் தேங்காய் பன்னும் டீ கேக்கும் போட்டு, யார் வாயிலும் விழாமல் வாழ்ந்த மாஸ்டர்.

“மாஸ்டர், வானத்துல வெடிச்சா சனம் அண்ணாந்து பாத்து வாயைப் பொளக்குதுல்லா. நம்ம கேக்கைக் கடிச்சாலும் அப்படி வாயைப் பொளக்கணும்” என்றார் ராஜபாண்டியன்.

“கடிச்ச பெறவு வாயைப் பொளந்தா கேக்கு கீழ விழுந்துரும் முதலாளி.”

“நீ பன்னு போட்ட புத்தியிலயே பேசுதே.”

ராஜபாண்டியன் வேட்டிக்கு மேல் டாக்டர் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு அடுப்படிக்குள் வந்து நிற்பார். விருதுநகர் வத்தல் மிளகாயைச் சாக்லெட்டில் அரைத்துப் போடச் சொன்னார். ருசி பார்த்த வாட்ச்மேன் இருளாண்டிக்கு மத்தியானம் வரை விக்கல் நிற்கவில்லை. ராஜபாண்டியன் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்து, கருவேப்பிலையும் அன்னாசிப் பழமும். அதற்கடுத்து புளி போட்ட கிரீம் பன். அது தட்டில் இருக்கும்போதே திரிந்து, பன்னை விட்டு ஒதுங்கிப் போனது.

நடுவில் செல்லச்சாமியே ஒன்று செய்து பார்த்தார். கருப்பட்டிப் பாகில் சுக்கைத் தட்டிப் போட்டு, வறுத்த எள்ளை மாவில் கலந்து சுட்டார். வாசனை தெருவுக்குப் போய் ஆளைக் கூட்டி வந்தது. இருளாண்டி நாலு துண்டு தின்றுவிட்டு, போன தடவை வந்த விக்கலுக்கும் சேர்த்து மன்னித்தார். ராஜபாண்டியன் ஒரு துண்டை மென்று, கண்ணை மூடி, திறந்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல அதிர்ச்சி எங்க இருக்கு? வேண்டாம்.”

அவருடைய அதிர்ச்சி அடுத்த வாரம் அச்சகத்திலிருந்து வேனில் வந்து இறங்கியது. தீபாவளி விற்பனைக்கு ஐயாயிரம் பெட்டி. ‘பூண்டு பாதாம் கேக்’ என்று கொட்டை எழுத்து. நடுவில் முழுப் பூண்டு ஒன்று ராக்கெட் போல வானத்தில் போகிறது. அதன் வாலிலிருந்து பாதாம் பருப்பு பொறி பொறியாகச் சிதறுகிறது.

“கேக்கு இன்னும் போடலையே முதலாளி?”

“பெட்டி வந்துட்டுல்லா? இனி நீ போட வேண்டியதுதான பாக்கி.”

செல்லச்சாமி ஒன்பது தடவை போட்டுப் பார்த்தார். பூண்டை வேகவைத்தார், வதக்கினார், பாலில் ஊறவைத்தார், தேனில் போட்டு ஐந்து நாள் மூடி வைத்தார். ஒன்பது தடவையும் ரசம் சிந்திய கேக்கைத் தின்ற மாதிரியே இருந்தது.

இதோடு நின்றிருந்தால் தீபாவளிக்குத் தின்னப் போகிறவர்கள் பாடு என்று விட்டிருப்பார். ஆனால் ஆவணியில் அவர் மகள் வேல்விழிக்கு நிச்சயம் வைத்திருந்தது. மாப்பிள்ளை தாயில்பட்டி செல்வக்குமார். இதற்கு முன் வந்த மூன்று இடம் கைநழுவிப் போயிருந்தது. சேதி கேட்ட ராஜபாண்டியன் உருகிவிட்டார்.

“நம்ம மாஸ்டர் மக நிச்சயம். நூறு பெட்டி பூண்டு பாதாம் கேக்கு என் செலவு. நானே வந்து வெளியிடுதேன்.”

வீட்டில் சொன்னதும் செல்லச்சாமியின் மனைவி சண்முகத்தாய் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“உங்களுக்குக் கிறுக்கா, உங்க முதலாளிக்குக் கிறுக்கா? மாப்பிள்ளையோட அம்மா பூண்டைத் தொடாதுன்னு தெரியும்லா?”

தெரியும். சம்பந்தியாக வரப்போகிற சின்னத்தாய், மகனுக்குக் கல்யாணம் முடிகிற வரை பூண்டும் வெங்காயமும் தொடுவதில்லை என்று இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தாள். மூன்று வருஷமாகப் பூண்டில்லாத ரசம் குடிக்கிறவள். நிச்சயத்தன்றைக்கு அவள் வாயில் பூண்டு பட்டால், நாலாவது இடமும் அன்றைக்கே பஸ் ஏறிவிடும்.

“முதலாளிகிட்ட வேண்டாம்னு சொல்லுங்க.”

“சொன்னேன். ‘ருசிக்கு ஏதுலே விரதம்’ங்காரு. இதுக்கு மேல பேசினா வேலைக்கு வராதேம்பாரு.”

நிச்சயத்துக்கு முந்தின நாள் செல்லச்சாமி தம் வாழ்நாளில் முதல் தடவையாகப் பெட்டிக்குச் சம்பந்தமில்லாத சரக்கைச் செய்தார். ஊரே செய்வதுதான். ஆனாலும் அவருக்குக் கை கூசியது. நூறு பெட்டிக்கும் கருப்பட்டி, சுக்கு, எள்ளுக் கேக்கையே சுட்டு வைத்தார். நிச்சயத்தன்று காலையில் சண்முகத்தாய் எல்லாவற்றையும் பிரித்துத் தட்டுகளில் அடுக்கிவிட்டு, காலிப் பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிச் சேலையால் மறைத்தாள்.

தாயில்பட்டியிலிருந்து இரண்டு வேன் நிறைய வந்தார்கள். பந்தலில் பூ, பழம், வெற்றிலைத் தட்டுகளோடு கேக்கும் சுற்றி வந்தது. சின்னத்தாய் ஒரு துண்டு எடுத்தாள். பிறகு இன்னொன்று.

“யண்ணே, இது நீங்க போட்டதா? கருப்பட்டி வாசம் என்னமா இருக்கு” என்றாள்.

செல்லச்சாமிக்குக் கண் கலங்கியது. ஆறு மாதத்தில் அவர் சுட்ட பண்டத்தை யாரும் தண்ணீர் கேட்காமல் தின்றதில்லை.

அப்போது ராஜபாண்டியன் வந்து இறங்கினார். டாக்டர் கோட்டோடு. முதல் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடினார். பந்தலே அவரைப் பார்த்தது.

“பூண்டு தெரியுதா? முதல்ல தெரியாது. தொண்டையில இறங்கும்போதுதான் தெரியும். இதுக்குத்தான் ஆறு மாசம் ஆராய்ச்சி பண்ணினோம். பெட்டியை எங்க காணோம்?”

அவரே எழுந்து உள்ளே போனார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்து வந்து உயர்த்திப் பிடித்தார். எழுத்துத் தெரியாதவர்களுக்கும் அந்த ராக்கெட் பூண்டு நன்றாகத் தெரிந்தது.

சின்னத்தாயின் கையிலிருந்த மூன்றாவது துண்டு தட்டுக்குத் திரும்பியது.

“பூண்டா? எனக்குப் பூண்டா குடுத்தீக?” அவள் குரல் உயரவே இல்லை. “மூணு வருசம் காத்தேன். இன்னைக்குப் பாத்து வாயில போட வச்சுட்டீகளே. எய்யா செல்வக்குமாரு, எந்திரி.”

மாப்பிள்ளை எழுந்தான். நாலு பேர் செருப்புத் தேடினார்கள். வேல்விழி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

செல்லச்சாமி முதலாளியைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார்.

“யம்மா, உக்காருங்க. அதுல பூண்டு இல்ல. ஒரு பல்லுகூட இல்ல. கருப்பட்டி, சுக்கு, எள்ளு. முதலாளி வேண்டாம்னு சொன்ன கேக்கு அது. பூண்டுக் கேக்கு எனக்கு இன்னைக்கு வரைக்கும் சரியா வரல.”

தொண்டையில் இறங்கிய பூண்டோடு ராஜபாண்டியன் நின்றுகொண்டிருந்தார்.

“இப்ப இல்லேம்பீக. பெட்டியில அச்சடிச்சிருக்கே” என்றாள் சின்னத்தாய்.

சண்முகத்தாய்க்குப் பொறுமை போய்விட்டது.

“மதினி, நீங்க தாயில்பட்டியில எத்தனை வருசமா வெடிப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுதீக?”

“பதினாறு வருசம்.”

“நேத்து என்ன படம் ஒட்டுனீக?”

“ஏரோப்ளேன்.”

“உள்ள என்ன இருந்துச்சு?”

சின்னத்தாய் பெட்டியில் இருந்த ராக்கெட் பூண்டைப் பார்த்தாள். முதலில் உதடு கோணியது. பிறகு தோள் குலுங்கியது. வேனில் வந்த பெண்கள் பாதிப் பேர் அதே ஒட்டுகிற வேலைக்காரிகள். அவர்களும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“தரைச் சக்கரம்” என்று சொல்லிவிட்டுச் சின்னத்தாய் உட்கார்ந்தாள். “எய்யா, நீயும் உக்காரு. ஏம்மா வேல்விழி, அந்தத் தட்டை இங்கன கொண்டா.”

வெற்றிலை பாக்கு மாற்றும்போது ராஜபாண்டியன் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நாளை வேலை இல்லை என்று செல்லச்சாமி முடிவு செய்திருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு முதலாளி அவரைத் தனியே பந்தல் ஓரத்துக்குக் கூப்பிட்டார்.

“இது நான் அதிர்ச்சி இல்லைன்னு ஒதுக்குன கேக்கா?”

“ஆமா முதலாளி.”

“பாத்தியா, இப்ப எம்புட்டு அதிர்ச்சி. நான் அன்னைக்கே சொல்லல, பூண்டுன்னு போட்டாத்தான் எடுபடும்னு?”

செல்லச்சாமி பந்தலில் காலியாகக் கிடந்த கேக் தட்டைப் பார்த்தார்.

“தீபாவளிக்கு இதையே போடு. பெட்டியை மாத்த முடியாது, அச்சடிச்சது அச்சடிச்சதுதான். அதுக்கு ஒரு வழி பண்ணுதேன்.”

மறுநாள் காலை வேன் வந்தது. ஐயாயிரம் ஸ்டிக்கர். ராக்கெட் பூண்டுக்கு நேர் கீழே ஒட்ட வேண்டும்: ‘பூண்டு சேர்க்கப்படாதது.’ கூடவே அடுத்த கேக்குக்கு இன்னும் மூவாயிரம் புதுப் பெட்டி, அதன் மேல் வாலை விரித்துக்கொண்டு ஒரு நெத்திலிக் கருவாடு நட்சத்திரங்களுக்கு நடுவே பறந்துகொண்டிருந்தது.

செல்லச்சாமி ஒரு பாட்டம் அதைப் பார்த்தார். பிறகு கருப்பட்டியைத் தட்ட ஆரம்பித்தார்.