எட்டாயிரத்துக்குள் ஒரு தாழ்ப்பாள்

தீவுப் பக்கத்தில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் கிணற்றடிக்குத்தான் போவார்கள். ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்து, உவரில்லை என்று தெரிந்த பிறகுதான் வாடகையைக் கேட்பார்கள். நான் கிணற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். கதவை உட்பக்கமாக இழுத்து, உலுக்கி, தோளால் ஒரு இடி இடித்தும் பார்த்தேன். புளியங்கூடலில் வீடு காட்ட வந்த அப்புத்துரை ஐயா எனக்கு விசர் என்று நினைத்திருப்பார். நினைத்துவிட்டுப் போகட்டும். இடி வாங்கிய கதவுகளைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்.

அந்தக் கதவு அசையவேயில்லை. வீட்டுக்காரர் கனடாவில் இருந்தார். வாடகை பதினெட்டாயிரம். அடுத்த கிழமை ஊர்காவற்றுறையில் நண்டு உடைக்கும் கொம்பனியில் நாட்சம்பளத்துக்குச் சேர இருந்த எனக்கு எட்டாயிரத்துக்கு மேல் ஒரு சதம் தாங்காது. "யோசிச்சுச் சொல்லுறம் ஐயா" என்றாள், என்னைக் கூட்டிக்கொண்டு வந்த றஞ்சனி. யோசிக்க ஒன்றுமில்லை என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

றஞ்சனி என்னோடு படித்தவள். வேலணையில் அவளுடைய வீட்டில்தான் பன்னிரண்டு நாளாக ஒளிந்திருந்தேன். அவளுடைய புருசன் ஞாயிற்றுக்கிழமை கட்டாரிலிருந்து வருகிறார். அதற்குள் நான் போய்விட வேண்டும். அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அலுமாரியில் இருந்த என் உடுப்புகளை மடித்துப் பைக்குள் வைத்திருந்தாள்.

ஒளிந்திருந்தது என் புருசன் டெனிஸ்ரனுக்குப் பயந்து. எங்கள் ஊரான முல்லைத்தீவில் அவனைக் கெட்டவன் என்று சொல்ல ஒருவரும் இல்லை. குடித்துவிட்டு அடிப்பவன் என்றால் ஆட்கள் நம்புவார்கள். இவன் குடிக்கமாட்டான், ஞாயிற்றுப் பூசை தவறமாட்டான், கதவைச் சாத்திவிட்டுச் சத்தமில்லாமல் அடிப்பான். கடைசியாக, மீன் வெட்டும் கத்தியை என் கழுத்தில் வைத்து, "நீ எங்கை போனாலும் வந்து வெட்டுவன்" என்றான். ஐந்து வருடத்தில் அவன் சொன்னதில் நான் முழுதாக நம்பியது அது ஒன்றைத்தான்.

நாரந்தனையில் இரண்டாவது வீடு. ஆறாயிரம். தண்ணீர் உப்பு, குளியலறைக்குக் கதவில்லை. சீலை கட்டிக் குளிக்கலாமாம். அறைக்கதவைக் கறையான் தின்றிருந்தது. தாழ்ப்பாளை இழுத்தபோது அது ஆணியோடு கையில் வந்தது. அதை யன்னலில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

மூன்றாவது, ஊர்காவற்றுறையில் கிறிஸ்தவக் கோயிலுக்குப் பின்னால், மேரிசுகந்தி அக்காவின் வீட்டோடு ஒட்டிய இரண்டு அறைகள். ஏழாயிரத்தைந்நூறு. சின்னக் குசினி, யன்னலுக்குக் கம்பி, கதவில் மேலும் கீழுமாக இரண்டு தாழ்ப்பாள்கள். இடித்துப் பார்த்தேன். தோள்தான் நொந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கம்பி யன்னலைக் கண்டு சந்தோசத்தில் அழுகிற ஆள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மேரிசுகந்தி அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி தந்து, ஆறுதலாகக் கேட்கத் தொடங்கினார்.

"உம்மடை அவர் எங்கை பிள்ளை?"

"கட்டாரிலை அக்கா. வர ரெண்டு வருசம் செல்லும்."

ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பொய். றஞ்சனியின் புருசனையே இரவல் வாங்கிக்கொண்டேன். அவர் வேலை செய்கிற இடம், படுக்கிற முகாம் எல்லாம் தடுமாறாமல் சொன்னேன்.

"அப்ப நீர் ஆரின்ரை மகள்?"

இதற்கு நான் பொய் வைத்திருக்கவில்லை. புருசனை மறைக்க இவ்வளவு யோசித்தவளுக்கு அப்பாவை மறைக்க வேண்டும் என்று தோன்றவேயில்லை. எங்களில் யாரும் இந்தக் கேள்விக்குப் பொய் சொல்வதில்லை. வாய் பழகவில்லை.

"முல்லைத்தீவு இராயப்புச் சம்மாட்டியின்ரை மகள்" என்றேன். அப்பா மூன்று வள்ளம் வைத்துத் தொழில் செய்தவர். செத்துப் பன்னிரண்டு வருடம். அவர் பெயரைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்பதுதான் வெட்கம்.

"சம்மாட்டியாரின்ரை மகளோ. பேர் கேள்விப்பட்டனான். நல்ல ஆக்கள்" என்று மேரிசுகந்தி அக்கா முகம் மலர்ந்தார். காதுத் தோட்டை விற்ற காசில் இரண்டு மாத அட்வான்ஸைக் கொடுத்தேன்.

பஸ்ஸில் றஞ்சனி என் கையைக் கிள்ளினாள். "ஏனடி ஜெனீற்றா, அப்பான்ரை பேரைச் சொன்னனீ?"

"கேட்டா. சொன்னன்."

அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு முல்லைத்தீவில் விசாரிக்கலாம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு மூன்று நாளும், றஞ்சனியின் போன் அடிக்கிற போதெல்லாம் நான் குசினிக்குள் போய் நின்றேன்.

சனிக்கிழமை காலை பையோடு தனியாகப் போனேன். மேரிசுகந்தி அக்கா அறையைக் கூட்டிக் கழுவி, புது பல்ப் போட்டு, பாயும் விரித்து வைத்திருந்தார். கணவாய்க் கறி மணத்தது.

"பிள்ளை, கோவிக்கக் கூடாது. நான் விசாரிச்சனான். விசாரிக்காமல் வீடு குடுக்கிற வழக்கம் எங்களிட்டை இல்லை. எங்கடை மச்சாள் ஒராள் முல்லைத்தீவிலை உங்கடை கோயில் பங்கிலைதான் இருக்கிறா. அவவுக்குப் போன் எடுத்துக் கேட்டனான்."

நான் பையைக் கீழே வைத்தேன்.

"உம்மடை அவர் கட்டாரிலை இல்லையாமே. அந்தப் பெடியன் உம்மைக் காணாமல் சாப்பாடு தண்ணியும் இல்லாமல் இருக்கிறாராம். ராத்திரி என்னோடை கதைச்சவர். அழுதவர் பிள்ளை. நானும் அழுதிட்டன்."

"நீங்கள் என்ன அக்கா சொன்னனீங்கள்?"

"உம்மைக் கவனமாப் பாக்கிறன் எண்டு சொன்னனான். கோயிலுக்குப் பின்பக்கம் எண்டு அடையாளமும் சொன்னனான். விடிய ஆறு மணிக்கு வெளிக்கிட்டவராம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திடுவார்."

மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்தே முக்கால்.

"அவர் என்னைக் கொல்லுவார் அக்கா." இதை நான் றஞ்சனியிடம்கூட இப்படி நேராகச் சொன்னதில்லை.

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஆம்பிளையள் கோவத்திலை சொல்லுறதை எல்லாம் மனசிலை வைச்சிருக்கக் கூடாது. இரும், தேத்தண்ணி கொண்டு வாறன். குடும்பம் எண்டால் இப்பிடித்தான்."

அவர் கெட்டவர் இல்லை. பிரிந்த குடும்பத்தைச் சேர்த்து வைத்துவிட்ட சந்தோசம் அவர் முகமெல்லாம் தெரிந்தது. அதுதான் என்னை உலுக்கியது. கெட்டவர்களிடமிருந்து ஓடலாம். நல்லவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள். அவர் குசினிக்குள் போனதும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அட்வான்ஸைப் பற்றி நினைக்கக்கூட நேரமில்லை.

யாழ்ப்பாணம் போகிற ரோட்டில்தான் அவன் வருவான். மிச்சம் இருந்தது கடல். காரைநகருக்கு ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிப்போகிற பாதைப் படகு இறங்குதுறையில் நின்றது. "இன்னும் ரெண்டு மோட்டச்சைக்கிள் வரட்டும், வெளிக்கிடுவம்" என்று படகுக்காரர் வெற்றிலை போட்டார். நான் படகில் ஏறி, ஒரு மோட்டார்சைக்கிளுக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். சந்தியில் பஸ் வந்து நின்று கோர்ன் அடித்தது. ஆட்கள் இறங்கினார்கள். வெள்ளைச் சேட்டுப் போட்ட எல்லா ஆம்பிளைகளும் டெனிஸ்ரனாகத் தெரிந்தார்கள். அதில் ஒருவன் கோயில் பக்கம் திரும்பி நடந்தான். அவன்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் தலையைத் தூக்கவில்லை. பாவாடை நனைந்திருந்ததைப் படகு கிளம்பிய பிறகுதான் உணர்ந்தேன். கடல் தண்ணீர் என்றுதான் பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

காரைநகரில் எனக்கு ஒருவரையும் தெரியாது. கையில் ஆறாயிரம் ரூபாய்தான் மிச்சம். நண்டுக் கொம்பனி வேலையும் அக்கரையோடு போய்விட்டது. தேத்தண்ணிக் கடையில் இருந்த பெண், தியாகலிங்கம் ஐயா பின்னறையை ஐயாயிரத்துக்குக் கொடுப்பார், அட்வான்ஸ் கேட்கமாட்டார் என்று வழி சொன்னாள். ஐயா வீட்டுப் படலையடியில் நின்று கழுத்துச் சங்கிலியைச் சிலுவையோடு கழற்றிப் பைக்குள் போட்டேன். இனி நான் சைவக்காரி.

அறைக்கதவு மெல்லிய பலகை. ஒரு தாழ்ப்பாள், அதுவும் ஆட்டம். நான் இடித்துப் பார்க்கவில்லை. இதைவிட்டால் எனக்கு வேறு இடமில்லை.

"பிடிச்சிருக்கு ஐயா. இண்டைக்கே இருக்கிறன்."

"இரும், இரும். அதுக்கென்ன" என்றார் தியாகலிங்கம் ஐயா. "நீர் ஆரின்ரை மகள்?"

படகில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன். அப்பா, மன்னியுங்கோ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"ஆழ்வாப்பிள்ளையின்ரை மகள். வவுனியா."

ஐயாவின் முகம் மலர்ந்தது. கண்ணாடியை எடுத்துப் போட்டார். சேட்டுப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"எந்த ஆழ்வாப்பிள்ளை? வவுனியாவிலை எங்கடை ஆக்கள் கனபேர் இருக்கினம்."