ஒரு சாண் தள்ளி

டாக்டர் கத்தரிக்கோலால் அப்பாவின் சட்டையை மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டிருந்தபோது அவள், "மூணாவது வளைவுல ஈரம் இருக்கு, பாத்து," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சொன்னது கணவனிடம். அவன் அந்த நேரத்தில் அசுர வேகத்தில் அதே மூன்றாவது வளைவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். ரேஸ் கார் ஓட்டுகிறவன் காதில் ஒரே ஒரு குரல்தான் கேட்க வேண்டும். நாலு பேர் பேசினால் சுவரில்தான் போய் நிற்பான். இந்த அணியில் அந்தக் குரல் அவளுடையது.

"கேட்டுச்சு," என்றான் ஹெட்போனில், இஞ்சின் இரைச்சலுக்கு நடுவே. "டயர் வழுக்க ஆரம்பிச்சுடுச்சுன்னு மாமாகிட்ட சொல்லு."

"சொல்றேன்."

அந்த மாமா, அவளுடைய அப்பா, டயர் அடுக்குக்குப் பின்னால் வெறும் சிமெண்ட் தரையில் மல்லாந்து கிடந்தார். கொஞ்ச நேரம் முன்னால்தான் டயரை ஒவ்வொன்றாகப் புறங்கையால் தொட்டு, சூடு பார்த்துக்கொண்டு வந்தார். நடுவில் நின்று, "ஒரு வாய் தண்ணி குடும்மா," என்றார். அவள் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். வாங்க நீண்ட கை பாட்டிலுக்கு வந்து சேரவில்லை.

டாக்டர் இரண்டு கையையும் கோத்து நெஞ்சை அமுக்கினார். அமுக்கிக்கொண்டே இருந்தார். அப்பாவின் ஷூ அணிந்த பாதம் ஒவ்வொரு அமுக்கலுக்கும் லேசாக ஆடியது. அதைப் பார்க்கக்கூடாது என்று நினைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு டாக்டர் நிறுத்தினார். தலையை ஆட்டவில்லை. அதெல்லாம் சினிமாவில்தான். ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்து, நிதானமாக மடித்துப் பைக்குள் வைத்தார். அந்த நிதானம்தான் அவளுக்குச் செய்தி.

"மழை வருதா அங்க?" என்றான் காதில். "கண்ணாடியில ரெண்டு சொட்டு விழுந்துச்சு."

அவள் இடுப்பில் மாட்டியிருந்த ரேடியோவின் பொத்தானில் விரலை வைத்தாள். அதை அழுத்தினால்தான் அவள் பேசுவது அவனுக்குக் கேட்கும். அழுத்துவதற்கு முன்னால் மூச்சை முழுசாக வெளியே விட்டுவிட வேண்டும், அப்போதுதான் குரல் ஆடாது. அப்பா சொல்லிக் கொடுத்தது அது. "சீட் பெல்ட் போட்டிருக்கிறவன்கிட்ட கெட்ட சேதி சொல்லக்கூடாதும்மா. அவன் எழுந்து நிக்கக்கூட முடியாதே."

மூச்சை விட்டாள். அழுத்தினாள்.

"வருது. டயர் மாத்தணும். சொல்றப்போ உள்ள வா."

"உத்தரவு மகாராணி."

*

அவனுக்குப் பெண் கொடுக்க அப்பா முதலில் ஒப்புக்கொள்ளவே இல்லை.

தெருமுனையில் டயர் கடை வைத்திருந்தவர் அவர். பஞ்சர் ஒட்ட பைக்கோடு வந்தவன், பஞ்சரே இல்லாத நாட்களிலும் வரத் தொடங்கியபோது விஷயம் புரிந்துபோயிற்று. "தங்கமான பையன்தான். ஆனா ரேஸ் ஓட்டுறான். ஃபோன் மணி அடிக்கும்போதெல்லாம் என் பொண்ணு நடுங்கிச் சாகணுமா?" என்றார். அவளோடு பேசுவதை நிறுத்தினார். சாப்பாட்டுத் தட்டை மட்டும் அவள் பக்கம் நகர்த்தி வைப்பார்.

ஒருநாள், யாரிடமும் சொல்லாமல், தானாகவே ஒரு பந்தயத்தைப் பார்க்கப் போனார். டயர் மாற்றும் இடத்தில் ஒரு கூத்து நடந்தது. கார் வந்து நின்றதும் அதற்கு முன்னால் ஒருவன் நீளக் கம்பியில் மாட்டிய வட்டத் தகட்டைத் தாழ்த்திப் பிடிப்பான். அதுதான் போர்டு. வேலை முடிந்து அவன் அதைத் தூக்கினால் கார் பறக்கலாம். அன்று இவன் காருக்குப் போர்டு பிடித்தவன், பின்னால் வேறு கார் வருகிறதா என்று பார்க்காமல் தூக்கிவிட்டான். வந்துகொண்டிருந்த இன்னொரு கார் மயிரிழையில் தப்பியது.

பந்தயம் முடிந்ததும் அப்பா நேராகப் பெண் கேட்டவனிடம் போனார்.

"பொண்ணு தரேன். ஒரே ஒரு கண்டிஷன். நீ வந்து நின்னா, மறுபடி அனுப்பி வைக்கிறவன் நானா இருக்கணும். நான் பாத்துத் தூக்கினாத்தான் நீ போகணும்."

"சரிங்க மாமா," என்றான் அவன் உடனே. மாமா என்று கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை.

அன்று முதல் பந்தய நாட்களில் டயர் கடைக்குப் பூட்டு. அப்பா போர்டு பிடித்தார். கார் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் ஒரு மஞ்சள் நாடாவை ஒட்டி வைத்தார். முன்சக்கரம் அதன்மேல் நிற்க வேண்டும். அவன் ஒருநாளும் சரியாக நிறுத்தியதில்லை. "எப்பப் பாரு ஒரு சாண் தள்ளி! கண்ணை எங்க வச்சிருக்கே மாப்ளே?" என்று காரின் மூக்கில் போர்டால் டொக்கென்று ஒரு தட்டு. அப்புறம் பின்னால் ஒரு பார்வை. திருப்தியில்லாமல் இன்னொரு பார்வை. கடைசியாக ஹெல்மெட்டுக்குள் இருக்கும் மாப்பிள்ளையின் கண்களை ஒரு பார்வை. அதற்கு மேல்தான் போர்டு உயரும்.

அணியின் முதலாளி தலையில் கைவைத்துக்கொள்வார். "ஐயா, இது டவுன் பஸ் இல்ல! எல்லாரும் ஏறிட்டாங்களான்னு பாக்காதீங்க!"

அவன் ரேடியோவில் சிரிப்பான். "உங்கப்பா இன்னும் கல்யாணத்துக்குச் சம்மதிக்காத மாதிரியே நிக்கிறார்டி. பொண்ணைத் திருப்பிக் கேட்டுடுவாரோன்னு பயமா இருக்கு."

*

முதலாளி அப்பாவின் தலைமாட்டில் குந்தி உட்கார்ந்திருந்தார். யாரோ டயர் மூடும் போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினார்கள். முதலாளியின் கண் சிவந்திருந்தது. ஆனாலும் அவர் பார்வை ஒவ்வொரு தடவையும் சுவரிலிருந்த டிவிக்குப் போய்த் திரும்பியது. திரையில் அவர்களுடைய கார்தான் முதலில் போய்க்கொண்டிருந்தது.

"அவனுக்குச் சொல்லணும் சார்," என்றாள்.

"இப்பவா? இந்த ஈரத்துலயா?" என்றார் மெதுவாக. "சொன்னா கை நடுங்கும். அப்புறம் நாம ரெண்டு பேரைத் தூக்கணும்மா."

அவளுடைய பயமும் அதேதான். வேறு வாயிலிருந்து கேட்டபோது அது கணக்கு மாதிரி இருந்தது.

"டயர் மாத்த வரத்தானே போறான், அப்ப நிறுத்திடலாமே?"

"எதுக்கு நிறுத்துறோம்னு கேப்பான். மிச்சம் கொஞ்சம் சுத்துதான். முடிச்சுட்டு வண்டியை விட்டு இறங்கட்டும். அப்புறம் நானே சொல்றேன். இல்ல, நீயே சொல்லு."

"போர்டு?"

அப்போதுதான் எல்லோருக்கும் அது உறைத்தது. காரில் வருகிறவன் முதலில் பார்ப்பது போர்டைத்தான், போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஆளைத்தான்.

மெக்கானிக்குகளில் ஒருவனுக்கு அப்பாவின் உயரம். எதையும் பரபரவென்று செய்வதால் எல்லோரும் அவனைப் புல்லட் என்று கூப்பிடுவார்கள். தலைமை மெக்கானிக் அவனைக் கைகாட்டினார். அப்பாவின் கோட்டு, அப்பாவின் கையுறை. ஹெல்மெட்டைத் தலைவரை கொண்டுபோன புல்லட் நிறுத்தினான்.

"அக்கா... உள்ள இன்னும் ஈரமா இருக்கு."

"போட்டுக்கோடா," என்றாள். குரல் ஆடவில்லை. அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைமேல் யாரோ மூட்டை மூட்டையாக ஆணியைக் கொட்டுவது போலச் சத்தம்.

"உள்ள வா. இந்தச் சுத்துல உள்ள வா."

"வரேன். சூடா டயர் வச்சிருக்காரா மாமா?"

"வச்சிருக்கு."

வச்சிருக்கார் என்று சொல்லாமல் வச்சிருக்கு என்று சொல்லிவிட்டோமே என்று தோன்றியது. அவன் கவனிக்கவில்லை போலிருந்தது.

கார் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றது. எப்போதும் போல, நாடாவுக்கு ஒரு சாண் தள்ளி. ஜாக்கி ஏறியது. நாலு சக்கரமும் கழன்றன, நாலும் மாட்டப்பட்டன. புல்லட் பின்னால் ஒரு பார்வை பார்த்தான். வழி காலி. போர்டைத் தூக்கினான்.

கார் பாய்ந்துவிட்டது.

முதலாளி கையிலிருந்த ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். "அடடா! இந்த வருஷத்துலயே இவ்வளவு சீக்கிரமா..." என்று ஆரம்பித்தவர், பாதியிலேயே வாயை மூடிக்கொண்டார்.

அவளுக்கும் அந்தக் கணத்தில்தான் புரிந்தது. புல்லட்டுக்கு எல்லாம் சொன்னார்கள். எங்கே நிற்க வேண்டும், எப்படிப் பிடிக்க வேண்டும், எதற்கும் ஹெல்மெட் கண்ணாடியைத் திறக்காதே என்றுகூடச் சொன்னார்கள். மெதுவாகத் தூக்கு என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பாவின் தாமதம் இவர்களுக்கு எத்தனை பழகிவிட்ட எரிச்சல்! அது இல்லாமல் போனால் அவனுக்குத் தெரிந்துவிடும் என்று நினைக்கவே இல்லை.

ஹெட்போனில் வெறும் இரைச்சல். ஒரு வளைவு போயிற்று. இன்னொரு வளைவு.

"என்ன, இன்னிக்கு அவ்வளவு சீக்கிரம் விட்டுட்டாரு?"

மூச்சை விட்டாள். அழுத்தினாள். "டயர் புதுசு. சூடாகிற வரைக்கும் மெதுவா போ."

"மூக்குல ஒரு தட்டுகூட தட்டல."

"மழைல..."

"மாமா எங்க?"

அவள் திரும்பிப் பார்த்தாள். போர்வைக்கு வெளியே ஷூ நுனி தெரிந்தது. டாக்டர் அதையும் இழுத்து மூடினார்.

"இங்கதான் இருக்கார்."

"அவர்கிட்ட குடு. என்னைத் திட்டச் சொல்லு. ஒரே ஒரு வார்த்தை."

அவள் விரல் பொத்தானில் இருந்தது. அழுத்தவில்லை. அழுத்தாமல் இருந்த ஒவ்வொரு நொடியும் அவனுக்குப் பதிலாகப் போய்ச் சேருகிறது என்று தெரிந்தது. தெரிந்தும் அழுத்த முடியவில்லை. கடைசியில் அழுத்தியபோது, "ஆறாவது வளைவுல தண்ணி தேங்கியிருக்கு. உள்பக்கம் போகாதே," என்றாள். அழகாக, அளவாக, ஏற்ற இறக்கம் இல்லாமல்.

"சரி," என்றான்.

அதற்குப் பிறகு பேச்சில்லை.

டிவியில் கார் ஆறாவது வளைவுக்கு வந்தது. பின்பக்கம் விலகியது, பாம்பு வால் போல ஒரு வீச்சு. அவள் மேஜை விளிம்பைப் பிடித்தாள். கார் நேரானது. அடுத்த வளைவில் மறுபடி விலகியது. இவன் இப்படி ஓட்டுகிறவன் இல்லை. மழையில் இவன் கை பூ மாதிரி இருக்கும் என்று எதிரணிக்காரர்களே சொல்வார்கள்.

"பதில் சொல்லு. கேக்குதா?"

இரைச்சல்.

"கேக்குதான்னு கேட்டேன்."

ஒன்றுமில்லை. அவன் அழுகிறானா, கோபமாக இருக்கிறானா, ரேடியோதான் கெட்டுவிட்டதா? ஒன்றும் தெரியாமல் அந்தப் பெரிய மழைக்குள் ஒரு சின்ன விளக்கு சுற்றி வருவதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு நேரம்? அப்பா இதற்குத்தானே பயந்தார்? ஃபோன் மணிக்கு நடுங்குவதற்கு?

அழுத்தினாள். இந்தத் தடவை மூச்சை விடவில்லை.

"உள்ள வா. போதும். வண்டியைக் கொண்டா."

முதலாளி துள்ளி எழுந்தார். "ஏம்மா! முதல்ல போயிட்டிருக்கான்மா! ஜெயிக்கப் போறான்!"

"எங்கப்பா அவனை அனுப்பல சார்."

முதலாளியின் பார்வை டிவியிலிருந்து போர்வைக்குத் திரும்பியது.

கார் நேர்ச்சாலைக்கு வந்தது. உள்ளே திரும்பும் வழி நெருங்கியது. திரும்பு, திரும்பு என்று அவள் உதடு மட்டும் அசைந்தது. கார் திரும்பவில்லை. அவர்கள் முன்னால் தண்ணீர்ச் சுவரை எழுப்பிக்கொண்டு பறந்து போயிற்று.

இன்னொரு முழுச் சுற்று.

அந்தச் சுற்றில் அவள் ஒன்றும் பேசவில்லை. டிவியில் ஒரு வெள்ளைக் கார் சறுக்கி, சுழன்று, டயர் குவியலில் மோதியது. "நம்மது இல்லக்கா, நம்மது இல்ல!" என்று புல்லட் கத்தினான். அப்பாவின் ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி அழுதுகொண்டே கத்தினான். "நான்தான்க்கா அவசரப்பட்டுத் தூக்கிட்டேன்."

"நீ சரியாத்தான்டா தூக்கினே," என்றாள். "போர்டைக் கொடு."

வாங்கிக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். கம்பி நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. இதையா வருஷக்கணக்காக ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார்? அப்பா நிற்கும் இடத்தில் நின்றாள். ஹெல்மெட் இல்லை, கண்ணாடி இல்லை. ஹெட்போன் கழுத்தில் தொங்கியது. இனி அவன் பேசினாலும் மழையில் கேட்காது.

மழைத் திரைக்குப் பின்னால் ஒரு வெளிச்சம் பாதையிலிருந்து பிரிந்தது. நடக்கிற வேகத்தில் வந்தது.

அவள் போர்டைத் தாழ்த்தினாள். கார் ஊர்ந்து வந்து அவளுக்கு நேராக நின்றது. மெக்கானிக்குகள் ஒருவரும் அசையவில்லை. ஜாக்கி தரையிலேயே கிடந்தது. பாதையில் மற்ற கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக இரைந்து முந்திப் போயின.

அவள் பின்னால் ஒரு தடவை பார்த்தாள். வழி காலி. இன்னொரு தடவை பார்த்தாள். காலிதான். பிறகு ஹெல்மெட்டுக்குள் இருந்த கண்களைப் பார்த்தாள்.

போர்டைத் தூக்கவில்லை.

இஞ்சின் அணைந்தது. சூடான உலோகத்தில் மழைத் துளிகள் பட்டுச் சீறும் சத்தம் மட்டும் மிஞ்சியது. அவள் குனிந்து பார்த்தாள். முன்சக்கரம் மஞ்சள் நாடாவின் மேல், அச்சடித்தாற்போல நின்றிருந்தது.