சாக்பீஸுக்குப் பத்தியம் இல்லை

1

இந்தக் கதை எனக்கு மூன்று முறை சொல்லப்பட்டது. சொன்ன மூவரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஒருவர் மருத்துவமனையில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் மரக்கடைப் பக்கம் தைலம் விற்பவர். மூன்றாமவர் பள்ளி ஆய்வாளர், மனோதத்துவம் படித்தவர்.

மூன்றிலும் ஆள் ஒருத்திதான். லூர்துராணி, இருபத்திரண்டு வயது, திருச்சியில் பெண்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு. வருஷம் 1959. பேனாவைப் பிடித்தால் வலது கை எழுத மறுத்தது என்பதில் மூவரும் ஒன்றுபடுகிறார்கள். கம்பவுண்டர் கதையில் அவளை ஊசி குணமாக்குகிறது. தைலக்காரர் கதையில் தைலம். ஆய்வாளர் கதையில் பயிற்சி. ஆனால் கடைசியில் அவள் உட்கார்ந்த தேர்வுக் கூடத்தில் இவர்களில் ஒருவரும் இல்லை. ஆகவே குணமானாள் என்பதையே நான் முழுதாக நம்பவில்லை.

எந்தச் சக்கரம் எதைச் சுழற்றியது என்று பார்க்க ஆசை. அதற்காகவே கதையைப் பிரித்து மேசைமேல் பரப்பியிருக்கிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "மலைக்கோட்டையின் நிழல் பாலக்கரையை எட்டாத காலை வேளையில்..."

(வேண்டாம். கையைப் பற்றிய கதைக்கு மலை எதற்கு?)

இரண்டாவது: "லூர்துராணி மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, எழுத்துப் பாடம் நடத்திய சிஸ்டர் பிள்ளைகளுக்குப் பின்னால் ஓசையில்லாமல் வந்து பேனாவை வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பார். பேனா அவர் கையோடு வந்துவிட்டால் பிடிப்பு சரியில்லை என்று பொருள். அன்றிலிருந்து அவள்..."

(இது என் கற்பனை. நோய்க்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் காரணம் என்றால், பூட்டைப் பார்த்த பிறகு செய்த சாவியாகத்தான் இருக்கும். கோடு போட்டு அடிக்காமல் விட்டிருக்கிறேன். நீங்களும் சந்தேகப்பட ஒன்று வேண்டுமே.)

மூன்றாவது: "பொங்கல் விடுமுறை முடிந்து வந்த திங்கட்கிழமை, பாடக்குறிப்பு நோட்டில் 'நோக்கம்' என்ற சொல்லின் பாதியில் லூர்துராணியின் கட்டைவிரல் உள்ளே மடங்கிக்கொண்டது."

இது போதும்.

3

பேனாவைக் கீழே வைத்ததும் விரல் தானாக நிமிர்ந்தது. எடுத்தால் மறுபடி மடங்கியது. மணிக்கட்டு வில்லாக வளைந்து, நிப்பு தாளைக் கிழித்தது. அதே கை அன்று மாலை வெங்காயம் நறுக்கியது, ஊசியில் நூல் கோத்தது, தலை பின்னியது.

பக்கத்து இடத்தில் உட்காருகிற ஹாஜிரா முதலில் நம்பவில்லை. அவள்தான் ஒரு வாரமாக லூர்துராணியின் பாடக்குறிப்பையும் சேர்த்து எழுதினாள்.

"எழுதித் தர ஒரு ஆள் கெடச்சா எனக்கும் கை வராதுடி," என்றாள்.

லூர்துராணி பேனாவை எடுத்துக் காட்டினாள். கட்டைவிரல் மடங்குவதைப் பார்த்த ஹாஜிரா அதன் பிறகு அந்தக் கேலியைப் பேசவில்லை.

ஏப்ரல் ஆறாம் தேதி தேர்வு. ஒவ்வொரு தாளும் மூன்று மணி நேரம். மேலப்புதூர் அருகே ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை வேலையை அவளுக்காக ஜூன்வரை காலியாக வைத்திருந்தார்கள். பயிற்சிக்காக அவள் அந்த வகுப்புக்கு ஆறு வாரம் பாடம் எடுத்திருந்தாள். கழித்தல் வராத பிள்ளைகளுக்குப் புளியங்கொட்டையை வைத்து அவள் சொல்லிக்கொடுத்ததைப் பார்த்துத்தான் தலைமையாசிரியை அந்த இடத்தைப் பிடித்து வைத்தார். சான்றிதழ் இல்லாமல் ஜூன் வந்தால் அது வேறொருத்திக்குப் போய்விடும்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று அவளுக்குள் இருந்தது. அவளுடைய அப்பா பக்கவாதத்தில் மூன்று வருஷம் கிடந்து இறந்தவர். அவருக்கும் முதலில் போனது வலது கைதான்.

அந்தப் பயத்தோடு அவள் போன மருத்துவமனையில் டாக்டர் பெரிய கருவி எதையும் எடுக்கவில்லை. தன் இரண்டு விரல்களை நீட்டி, முடிந்தமட்டும் அழுத்தச் சொன்னார். அவள் அழுத்தினாள்.

"விடும்மா. இந்த விரல வச்சுத்தான் நான் ஊசி போடணும்," என்றார்.

பக்கவாதம் இல்லை, குமாஸ்தாக்களுக்கும் தந்தி ஆபீஸ்காரர்களுக்கும் வருகிற பிடிப்பு இது, உயிருக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி, பன்னிரண்டு வைட்டமின் ஊசி எழுதிக்கொடுத்தார். வெளியே வந்த அவள் மருத்துவமனை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதாள். பொங்கலுக்குப் பிறகு அவள் நன்றாக மூச்சு விட்டது அன்றுதான்.

(இங்கே கொஞ்சம் நின்று கையைப் பார்த்துவிடலாம். உங்கள் வலது கையை நீட்டுங்கள். விரலை மடக்கும் தசைகள் முன்கையின் உள்பக்கம், நிமிர்த்தும் தசைகள் வெளிப்பக்கம். ஒன்று இழுக்கும்போது மற்றது விட்டுக்கொடுக்க வேண்டும். கிணற்றில் இரண்டு வாளி கட்டி இறைப்பது போல. இந்தப் பிடிப்பில் இரண்டும் ஒரே நேரத்தில் இழுக்கின்றன. ஆச்சரியம் என்னவென்றால், தசைகளுக்கு எழுதும்போது மட்டும்தான் இந்தச் சண்டை.)

4

ஆறு ஊசி முடிந்தும் விரல் மடங்கியது. ஹாஜிரா அவளை மரக்கடைச் சந்தில் வைத்தியம் பார்க்கிற தன் மாமா ஜெகபர் அலியிடம் அழைத்துப் போனாள்.

அவர் கையைப் பார்க்கவில்லை. தோள்பட்டையிலிருந்து தொடங்கினார். பிஸ்மி சொல்லிவிட்டுத் தைலத்தை ஊற்றி, கழுத்தடி, தோள், முழங்கை என்று விரலால் தேடிக்கொண்டே இறங்கினார். முழங்கைக்குக் கீழே ஓர் இடத்தில் அழுத்தியதும் அவள் துள்ளினாள். கை எழுதுவதை நிறுத்தினாலும் தோள் நிறுத்தவில்லை, தூக்கத்தில்கூட இந்தப் பெண் எழுதிக்கொண்டுதான் இருக்கிறாள் என்று மருமகளிடம் சொன்னார்.

தினமும் மாலையில் தைலம். நாற்பது நாள் பத்தியம். சாப்பாட்டில் எதையும் விலக்கவில்லை.

"பேனாவத் தொடக் கூடாது. கையெழுத்துக்கூடப் போடாத. யாரும் கேட்டா ரேகை வையி," என்றார்.

ஆசிரியையாகப் போகிறவள் ரேகை வைப்பதா என்று லூர்துராணிக்குச் சுருக்கென்றது. அம்மா அற்புதம்மாளுக்கு அந்தக் கவலை இல்லை. தவக்காலம் தொடங்கிய வாரம் அது. "நாங்க கறிய விடுறோம். நீ பேனாவ விட்டதா வச்சுக்க," என்றார்.

(அற்புதம்மாள் புதன்தோறும் சகாய மாதா கோயில் நவநாள் ஜெபத்துக்குப் போனார். அதனால்தான் குணமானது என்று சொல்லிக்கொண்டு ஒருவரும் என்னிடம் வரவில்லை. அவரே சொன்னதாகவும் தெரியவில்லை. ஆனால் மேசையில் பரப்பியவற்றில் அதுவும் இருக்க வேண்டும்.)

5

பிலோமின்ராஜ் பயிற்சிப் பள்ளியில் மனோதத்துவம் நடத்துபவர். அவரை முதல் பிரதியில் மிகவும் கருணையானவராக எழுதிவிட்டேன். படித்துப் பார்த்தபோது நம்பும்படி இல்லை. இப்போது சரியாகச் சொல்கிறேன்: அவர் ஆர்வக்காரர்.

லூர்துராணியின் பாடக்குறிப்பில் ஹாஜிராவின் எழுத்து இருப்பதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். கோபமாக அழைத்தார். காரணம் கேட்டதும் கோபம் போய்விட்டது. கரும்பலகையில் எழுதச் சொன்னார். "நோக்கம்" என்று அவள் எழுதினாள். குண்டு குண்டாக, ஒரு பிசிறு இல்லாமல்.

"தாள்ல வராத கை போர்டுல எப்படிம்மா வருது?" என்றார், தன்னையே கேட்பது போல.

அவர் போட்ட திட்டம் இது. முதல் வாரம் பலகையில் ஒரு சாண் உயர எழுத்து. அடுத்த வாரம் அரைச் சாண். பிறகு நாலு விரல். பிறகு சிலேட்டில் குச்சி, பிறகு தாளில் பென்சில், கடைசியில் பேனா. பெரிய எழுத்தைத் தோள் எழுதுகிறது. தோளுக்குத் தெரிந்ததை விரல் பயப்படாமல் கற்றுக்கொள்ளும் அளவுக்கு மெதுவாகச் சுருக்க வேண்டும்.

ஆனால் பத்தியம்? சாக்பீஸும் எழுதுகிற பொருள்தானே? லூர்துராணி வைத்தியரை ஏமாற்றத் தயாராக இல்லை. ஹாஜிரா மாமாவிடம் கேட்டு வரப் போனாள். ஜெகபர் அலி கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார்.

"மை உண்டா அதுல?"

"இல்ல மாமு."

"அப்ப அது பேனா இல்ல. எழுதச் சொல்லு."

சிலேட்டுக் குச்சிக்கும் பென்சிலுக்கும் அந்தத் தீர்ப்பே செல்லுபடியானது. பத்தியமும் பயிற்சியும் இப்படி ஒரே கையில் குடியிருந்தன. எஞ்சிய ஆறு ஊசிகளையும் அவள் விடாமல் போட்டுக்கொண்டாள்.

மார்ச் தொடக்கத்தில் அவள் எழுத்து நாலு விரலுக்குச் சுருங்கியிருந்தது. பிலோமின்ராஜ் நாள்தோறும் அளந்து ஒரு நோட்டில் குறித்தார். ஆசிரியர் மாநாட்டில் கட்டுரை வாசிக்க எண்ணம். அவளிடம் வந்த தைல வாசனைதான் அவரை உறுத்தியது.

"அத ஏப்ரலுக்கு அப்புறம் போட்டுக்கலாமேம்மா. ரெண்டும் சேர்ந்தா எது வேலை செய்யுதுன்னு எப்படித் தெரியும்?"

அவள் டஸ்டரால் பலகையைத் துடைத்து முடித்தாள்.

"சார், எது குணமாக்குதுன்னு உங்களுக்குத் தெரியணும். எனக்குக் குணமானா போதும்."

அவர் நோட்டை மூடினார். கட்டுரை வாசிக்கவே இல்லை என்று ஆய்வாளர் சொன்னார். பயிற்சியை மட்டும் நிறுத்தவில்லை.

6

பிலோமின்ராஜுக்கு முடியாதது எனக்கு முடியும். அவருக்கு இருந்தது ஒரே லூர்துராணி. தாளில் நான் எத்தனை லூர்துராணியை வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம். ஒருத்திக்கு ஊசி மட்டும், ஒருத்திக்குத் தைலம் மட்டும், ஒருத்திக்குச் சாக்பீஸ் மட்டும்.

முதலில் கதையிலிருந்து டாக்டரை எடுத்துப் பார்த்தேன். ஊசியோடு அவர் நீட்டிய இரண்டு விரல்களும் போய்விட்டன. பக்கவாதம் என்ற பயத்தோடே இருப்பவளை அற்புதம்மாள் பயிற்சிப் பள்ளிக்கே அனுப்பவில்லை. கதை பிப்ரவரியிலேயே படுத்துவிட்டது. டாக்டரைத் திரும்ப வைத்துவிட்டு ஜெகபர் அலியை எடுத்தேன். தைலத்தோடு நாற்பது நாள் ஓய்வும் போயிற்று. தினமும் மாலை ஹாஜிராவோடு பேசிக்கொண்டே மரக்கடைவரை நடந்ததும் போயிற்று. ஒரு சக்கரத்தைக் கழற்றினால் வேறு இரண்டு கூடவே கழன்று வருகின்றன. ஓய்வுதான் தைலமோ? நடைதான் ஓய்வோ?

சரி, முறையாகவே செய்வோம் என்று, பயிற்சி இல்லாத லூர்துராணியைத் தேர்வுக் கூடத்துக்கு அனுப்பினேன்:

"மூன்றாவது கேள்வியில் கட்டைவிரல் மடங்கியது. இடது கையால் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஒரு வரி எழுதினாள். நிப்பு தாளைக் கிழித்தது. பக்கத்து பெஞ்சுக்காரிகள் எழுதும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்றாம் வகுப்பில் கழித்தல் வராத"

அதற்கு மேல் எழுதவில்லை. எது குணமாக்கியது என்று நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் ஒருத்தியாவது குணமாகாமல் இருந்தாக வேண்டும். அது சோதனையின் விதி. விதியில் தவறில்லை, மருந்துகள் அப்படித்தான் தெரியவருகின்றன. ஆனால் அவள் அந்த இடத்தில் உட்காரச் சம்மதித்தவள் இல்லை. என் ஆர்வத்துக்காக அவளை உட்கார வைத்தேன். எழுப்பிவிட்டேன்.

7

ஆகவே ஒன்றையும் கழற்றாமல் அனுப்புகிறேன்.

ஏப்ரல் ஆறு, திங்கட்கிழமை. தேர்வு ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில். பஸ்ஸில் பாலம் தாண்டும்போது ஹாஜிரா, தனக்கு நோன்பு என்பதால் ராணி கொண்டுவந்த தண்ணீரைத் தன் கண்ணில் காட்டக் கூடாது என்று சட்டம் போட்டாள். பத்தியம் முடிந்து பன்னிரண்டு நாள். பேனாவால் லூர்துராணி இதுவரை தொடர்ந்து எழுதியது இருபது நிமிஷம். இன்றைக்கு நூற்று எண்பது நிமிஷம் வேண்டும்.

பத்து மணிக்கு மணி அடித்தது. பேனாவை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகி, தோளிலிருந்து எழுதத் தொடங்கினாள். எழுத்து வழக்கத்தைவிடப் பெரிது. முதல் கேள்வி முடிந்தது. பத்தே முக்காலுக்குக் கட்டைவிரல் ஒருமுறை துடித்தது. பேனாவை வைத்து, கையை உதறி, மறுபடி எடுத்தாள். இரண்டாவது கேள்வி. மூன்றாவது. ஹாஜிரா இரண்டு வரிசை பின்னால் இருந்தாள். அவளுக்குத் தெரிந்தது தோழியின் தோள் மட்டும். அது அசைந்துகொண்டிருந்தது. பிறகு நின்றது.

பன்னிரண்டேகாலுக்கு லூர்துராணி கையைத் தூக்கினாள்.

தேர்வுக் கூடத்தில் இரண்டு காரணத்துக்காகக் கை தூக்குவார்கள். ஒன்று, எழுதித் தாள் தீர்ந்து அடிஷனல் ஷீட் கேட்க. இன்னொன்று, இனி முடியாது, விடைத்தாளை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல.

ஹாஜிராவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் பார்க்கவில்லை, போன பகுதியில் செய்ததற்குப் பிறகு அந்த உரிமை எனக்கு இல்லை. மேற்பார்வையாளர் கூடத்தின் அந்தக் கோடியில் இருக்கிறார். கையைப் பார்த்துவிட்டார், பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வருகிறார், வயதானவர், மெதுவாகத்தான் வருவார்.

அவருக்கு முன்னால் நீங்கள் போங்கள். குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், என்ன வேண்டுமம்மா என்று கேளுங்கள்.