படத்துக்குக் கீழே எழுத்து

எங்கள் பள்ளி மும்பை தாராவியில். அதை நடத்தும் டிரஸ்ட் வசதியானவர்கள் இருக்கும் மாட்டுங்காவில். நடுவில் ரயில் தண்டவாளம் மட்டும்தான். ஆனாலும் அங்கிருந்து யாராவது வருகிறார்கள் என்றால்தான் இங்கே கக்கூஸ் கழுவுவார்கள்.

அன்று டிரஸ்டி ஜகந்நாதன் சார் வந்திருந்தார். வகுப்புகளில் வீடியோ பாடம் காட்ட எந்தக் கம்பெனியிடம் சந்தா கட்டுவது என்று பெற்றோர் கமிட்டி கைதூக்கிச் சொல்ல வேண்டும். இரண்டு கம்பெனிகள். ஒன்றில், பேசுவதெல்லாம் படத்துக்குக் கீழே தமிழ் எழுத்தாக ஓடும். இன்னொன்றில் எழுத்து கிடையாது. ஆனால் கார்ட்டூன் பளபளவென்று இருக்கும், விலையும் சல்லிசு.

எனக்கு எழுத்து ஓடுவதுதான் வேண்டும். என் ஏழாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காரும் இசக்கிசெல்விக்குக் காது கேட்காது. சின்ன வயதில் வந்த காய்ச்சலோடு போனது. அதற்குள் பேச்சு வந்துவிட்டதால் யாரும் கண்டுபிடிக்கவில்லை. வாயைப் பார்த்தே பாடம் படிப்பாள், கெட்டிக்காரி. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் மட்டும் பக்கத்துப் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்ப்பாள். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

அவள் அம்மா மாடத்தியைக் கூப்பிட்டுக் கேட்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"வெளிய சொல்லிராதிய டீச்சர். எங்க அண்ணன் மவனுக்குன்னு பொறந்தப்பவே பேசி வச்ச புள்ள. காதுல மிஷின் மாட்டுனா ஊருக்கே தெரிஞ்சிரும். அண்ணன் வேண்டாம்னுருவாரு."

பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எப்போதோ நடக்கப்போகிற கல்யாணம் பெரிதா, படிப்பு பெரிதா என்று கத்தினேன். கடைசியில் சொல்லமாட்டேன் என்று வாக்கும் கொடுத்தேன்.

அந்த அண்ணன் செல்வம்தான் கமிட்டித் தலைவர். பேக் தைக்கிற பட்டறை வைத்திருக்கிறார். மாடத்தியின் புருஷனுக்கு அங்கேதான் வேலை. கூட்டத்தில் அவர் முன்வரிசையில், மாடத்தி பின்னால்.

எழுத்து ஓடினால் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கவாவது வரும் என்று நான் பேசிப் பார்த்தேன்.

"எழுத்தப் பாப்பானா, படத்தப் பாப்பானா டீச்சர்? பேக்கார்ல எதுக்கு இந்த லஃப்டா, வீண் தொல்லை?" என்றார் செல்வம். எல்லோரும் சிரித்தார்கள்.

ஜகந்நாதன் சார் மட்டும் சிரிக்கவில்லை. "காது சரியாக் கேக்காத குழந்தை யாராவது இருந்தா சொல்லுங்கோ. ஒரே ஒரு குழந்தை இருந்தாக்கூடப் போதும், எழுத்து வர்றதையே வாங்கிடலாம்" என்றார்.

மாட்டுங்காக்காரர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் நினைக்கவே இல்லை. மாடத்தியைப் பார்த்தேன். கையைத் தூக்கு, தூக்கித் தொலை என்று மனசுக்குள் கெஞ்சினேன். செல்வமும் யதேச்சையாகத் திரும்பித் தங்கச்சியைப் பார்த்தார். அவ்வளவுதான்.

"எங்க புள்ளயளுக்கெல்லாம் காது நல்லாத்தான் கேக்கு சார்" என்றாள் மாடத்தி, யாரும் அவளிடம் கேட்காமலே.

வாக்கை மீறிச் சொல்லலாம்தான். ஆனால் அண்ணன் முன்னால் அவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டு, அந்தப் பிள்ளையை எந்த வீட்டுக்கு அனுப்புவது? எழுத்து இல்லாத கம்பெனிக்கு எல்லாக் கையும் உயர்ந்தது. மாடத்தியின் கையும்தான். மூன்று வருஷத்துக்குக் கையெழுத்தாகிவிட்டது.

முதல் பாடம் ஜீரணம். சுவரில் படம் தெரிய ஜன்னலை அடைத்து விளக்கையும் அணைத்தார்கள். திரையில் ஒரு இட்லி குடலுக்குள் போய்க்கொண்டிருந்தது, குரல் மட்டும் எங்கிருந்தோ பேசியது. பார்ப்பதற்கு அதில் ஒரு வாய்கூட இல்லை. இசக்கி இருட்டில் என் பக்கம் திரும்பினாள். என் வாயும் அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் குரல் ஏதோ சொல்ல, வகுப்பே சிரித்தது. அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு, எல்லோரும் சிரித்து முடிக்கும் நேரத்தில் தனியாகச் சிரித்தாள்.

சாயங்காலம் கேட்டில் மாடத்தி நின்றிருந்தாள். முகமெல்லாம் பூரிப்பு. இசக்கி அவள் தோளை ஒட்டி நின்றாள்.

"படம் பாத்து எம்புள்ள சிரிச்சாளாம்லா டீச்சர்! பக்கத்து வீட்டுப் புள்ள சொல்லுச்சு. காது திரும்பி வருதோ?"

திட்டுவதற்கு எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் இசக்கி என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல வெளிச்சம். நான் எதைச் சொன்னாலும் ஒன்றுவிடாமல் படித்துவிடுவாள்.

அவளுக்குத் தெரியாமல் பேச, முகத்தைத் திருப்பினால் போதும். ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னேன்.

"இல்ல மாடத்தி. மத்த புள்ளைங்க சிரிச்சதப் பாத்துட்டுச் சிரிச்சா. ஒண்ணுமே கேக்கல அவளுக்கு."

திரும்பியபோது இசக்கி என்னைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.