கழுத்தில் போடாத கயிறு

பர்னபாஸின் இடது காதுக்குள் ஆணி அடித்தது போல் வலி. நேற்று மூன்று முறை ஏழு பாகம், நாற்பது அடிக்கு மேல், ஆழத்துக்கு முங்கியதன் கூலி அது. எண்ணெயில் நனைத்த பஞ்சைக் காதில் திணித்துக்கொண்டு வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்தான்.

போன மாதம் அவன் வேலை பார்த்த தோணியில் உப்போடு உப்பாகக் கிடந்த நாலு சாக்குக் கட்டுகளை, சுங்கப் படகைக் கண்ட தோணித் தலைவன் தண்டல் கடலில் தள்ளச் சொன்னான். பர்னபாஸும் தள்ளினான். அவை ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் ஒரு பழைய கல்மண்டபத்திலிருந்து களவுபோன விளக்குப் பாவைகள் என்று பிறகுதான் தெரிந்தது. விற்றதாகச் சொல்லி மண்டபத்துக் காவல்காரன் வெள்ளத்துரையை உள்ளே வைத்திருந்தார்கள். அதைக் கேட்ட பர்னபாஸ் இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்து, மூன்றாம் நாள் போலீஸில் போய்த் தள்ளிய இடத்தைச் சொன்னான். சங்கு குளித்த உடம்பு என்பதால் முங்கும் வேலையும் அவன் தலையில் விழுந்தது. நேற்று மூன்று கட்டுகள், கழுத்துப் பக்கம் சுருக்குப் போட்டதில், சாக்கோடு ஏறின.

“ஏலே, நேத்து மாதிரி கழுத்துல சுருக்கப் போடு. ஒண்ணு குறைஞ்சாலும் அத வெள்ளத்துரை வித்துட்டாம்னுதான் எழுதுவாங்க” என்றார் இன்ஸ்பெக்டர்.

அடையாளம் சொல்ல வந்திருந்த வெள்ளத்துரையின் மனைவி பேச்சித்தாய், வள்ளத்தின் கட்டையை விடாமல் பிடித்திருந்தாள். அந்தப் பாவைகளுக்குத் தினமும் எண்ணெய் ஊற்றியவள்.

“பாக்கி இருக்கவ சிரிச்ச மொகம் அண்ணாச்சி. எண்ண ஊத்தப் பிந்துனா மட்டும் மொறைப்பா.”

முங்கினான். கீழே சாக்கு கிழிந்து போயிருந்தது. மணலில் பாவை நேராக நின்றுகொண்டிருந்தாள். நீட்டிய இரு கைகளின் அகலில் எண்ணெய்க்குப் பதில் குஞ்சு மீன்கள். மேலிருந்து இறங்கிய வெயில் அவள் கன்னத்தில் அசைந்தது. முப்பது வருஷமாகக் கடலடியில் சங்கையும் சேற்றையும் பார்த்த கண்கள் இமைக்க மறந்தன. அவன் கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது.

கழுத்தில் சுருக்கு மாட்ட ஒரு நொடி போதும். மனசு வரவில்லை. இடுப்பைச் சுற்றிக் கட்டினான். மூச்சு முட்டியது, காதுக்குள் ஏதோ கிழிந்தது. கயிற்றை ஆட்டிவிட்டு மேலே வந்தான்.

இழுத்தார்கள். கிரீடம் தண்ணீருக்கு மேல் வந்தது. கண்கள் வந்தன. பேச்சித்தாய், “தலை முழுகிட்டு வாரா பாருங்க!” என்று எழுந்தாள். இடுப்புக் கட்டு வழுக்கியது. புதுத் துறைமுகத்துக்காகக் கடலடியில் தோண்டிய கால்வாய்ச் சரிவில், எட்டாத ஆழத்துக்குப் பாவை போய்விட்டாள்.

“கழுத்துல போடச் சொன்னேம்லால?” இன்ஸ்பெக்டர் கத்தினார்.

“போட முடியல சார். உயிரோட நின்னா.”

காதிலிருந்து ரத்தம் தோளில் வடிந்தது. பேச்சித்தாய் முந்தானையைக் கிழித்து நீட்டினாள்.

“சிரிச்சாளா அண்ணாச்சி?”

“சிரிச்சா.”

கண்ணால் பார்த்தது கணக்கில் சேரவில்லை, கரையேறியது மூன்றுதான் என்று எழுதினார்கள்; வெள்ளத்துரை இன்னும் உள்ளேதான் இருக்கிறான். பேச்சித்தாய்க்குப் பர்னபாஸ் ஒரு பாவை பாக்கி.