எறும்பு வரும்வரை

மூக்கரின் குரல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு நின்றது. அதே நிமிடம் அவர் மனைவியின் கையிலிருந்த கோப்பையில் வெள்ளை ஒயினின் வாசனையும் நின்றது. இருவரும் ஒரே ஒயின் கம்பெனியில் வேலை செய்ததால், ஆறு வருடங்களுக்கு முன் அவர்கள் கல்யாணத்துக்குக் கம்பெனி பரிசாகக் கொடுத்த பதின்மூன்று பாட்டில்களில் முதலாவது அது. கார்க்கை எடுத்து, அவளுக்கு ஊற்றி, தனக்கும் ஊற்றிக்கொண்டு, "இத்தன வருஷமா உங்கிட்ட சொல்லாம இருந்தது என்னன்னா" என்றார். அவ்வளவுதான். வாய் அசைந்தது, சத்தம் இல்லை. டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்து எல்லாம் சுத்தம் என்றார். எழுதிக் காட்டச் சொன்னபோது, மளிகைப் பட்டியலை ஒழுங்காக எழுதிய பேனா இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் மை இறக்க மறுத்தது. மூன்று பேனாக்களை மாற்றிப் பார்த்தார்கள், ஒரு பென்சிலைச் சீவிச் சீவியே தீர்த்தார்கள், பிறகு மேசையைத் துடைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

மூக்கர் என்பது கம்பெனி வைத்த பெயர். பீப்பாய் உருட்டிக்கொண்டிருந்தவர், கல்யாணமான மூன்றாம் மாதம் மனைவி முகர்ந்துவிட்டு நீட்டிய ஒரு கோப்பையை முகர்ந்து "கார்க் கெட்டுப்போச்சு" என்று சொல்ல, அது சரியாகவே இருக்க, ருசி பார்க்கும் மேசைக்கு உயர்ந்துவிட்டார். லேபிள் ஒட்டும் பகுதியிலிருந்து மனைவியை வரவழைத்து, எதிரில் நிற்கவைத்து, அவள் கையிலும் ஒரு கோப்பையைக் கொடுத்தால்தான் அவருக்குக் கணிப்பு வரும். பெண்டாட்டிதாசன் என்று மேனேஜர் சிரித்தார், ஆனால் கணிப்பு ஒருநாளும் தவறியதில்லை. வீட்டிலோ பால் தீய்ந்து பாத்திரம் கருகினாலும் மூக்கர் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பெரிய மூக்குக்குச் சின்ன வாசனை எட்டாது என்று அவளுடைய அக்கா கேலி செய்வாள். குரல் போன பிறகு அவரைப் பழையபடி பீப்பாய்க்கே அனுப்பிவிட்டார்கள்.

லேபிள்காரிக்கு அந்த அரை வாக்கியம் செருப்புக்குள் புகுந்த கல்லாக உறுத்தியது. இன்னொரு குடும்பம் இருக்கிறதா, தீராத நோயா, தன்னைக் கட்டியதற்கு வருத்தமா? எதைக் கேட்டாலும் அவர் ஆமாம் என்றோ இல்லை என்றோ தலையாட்ட முடியாமல், அன்று திறந்த பாட்டிலை நோக்கி விரலை நீட்டுவார். "சில பேச்சு உள்ளயே கெடக்கறதுதான்டி நல்லது. பாட்டில் எல்லாத்தையும் கொட்டிட்டு வேலையப் பாரு" என்றாள் அக்கா. வெள்ளை ஒயினை ரெண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் வினிகர்தான் மிஞ்சும் என்றார் மேனேஜர். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. மூலையில் மறந்துபோன பழைய பாட்டில்களுக்கு லேபிள் மாற்றி ஒட்டியவள் அவள்; நல்ல வெள்ளை ஒயின் நடுவில் சில வருடம் வாயை மூடிக்கொள்ளும், பிறகு தானே திறக்கும் என்பது அவளுக்குத் தெரியும். திறந்தால் ஒயினும் அவர் வாயும் சேர்ந்துதான் திறக்கும் என்று முடிவு கட்டினாள். ஆனாலும் மனசு கேட்காமல் வருடத்துக்கு ஒன்றாக நான்கு பாட்டில்களைத் திறந்து பார்த்துவிட்டாள். ஒவ்வொன்றிலும் கழுவிய கல்லின் வாசனைதான் இருந்தது. மூக்கர் குடித்துவிட்டு வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பதறாத காரியம் சிதறாது என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டு, மிச்சமிருந்த எட்டையும் ஒயினே கூப்பிடும்வரை தொடுவதில்லை என்று நிறுத்தினாள்.

அது பத்து வருடம் ஆனது. இடையில், அதுவரை பாட்டில்கள் இருந்த நிலவறையின் ஒரு பகுதியைக் கம்பெனி அட்டைப்பெட்டி வைக்க வாடகைக்கு விட்டதால் பாட்டில்கள் வீட்டுக்கு வந்தன. வீட்டிலேயே குளிர்ச்சியான அறை அவர்களுடைய படுக்கையறை. அதைப் பாட்டில்களுக்குக் கொடுத்துவிட்டு இருவரும் சமையலறையில் படுத்தார்கள். ஜன்னலுக்குப் பலகை அடித்தாள். கோடையில் தினமும் மூன்று முறை ஈரச்சாக்கை மாற்றினாள். "மாப்பிள்ளைய விட பாட்டிலத்தான் நல்லா கவனிக்கற" என்று கோபித்துக்கொண்டு அக்கா இரண்டு வருடம் வராமல் இருந்தாள், பிறகு திட்டுவதற்கு வேறு ஆள் கிடைக்காமல் திரும்பி வந்தாள். விளக்குக்கு நேராகப் பிடித்தால் வைக்கோல் நிறம் மெல்லப் பொன்னிறமாகிக்கொண்டிருந்தது. சில நாள் அவளுக்கே வெறுத்துப்போகும். அரை வாக்கியத்தோடு குடும்பம் நடத்துவது லேசான வேலை இல்லை. அழுதுவிட்டு மறுபடி சாக்கை நனைக்கப் போவாள்.

இருபது வருடமான ஒயினுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எறும்பு வந்தது. அதில் ஒரு துளி சர்க்கரை கிடையாது, கார்க்கும் இறுக்கமாக இருந்தது. இருந்தும் குளியலறையிலிருந்து வரிசையாக வந்து எட்டு பாட்டில்களின் கழுத்தையும் சுற்றி நின்றன. லேபிள்காரி குனிந்து முகர்ந்தாள். பிறகு கணவரை உட்காரவைத்து, பாதியில் உடைந்த கார்க்கைப் பொறுமையாகத் தோண்டி எடுத்து, இரண்டு கோப்பைகளில் ஊற்றினாள். அவள் முதலில் குடித்தாள். மூக்கர் தன் கோப்பையைப் பார்க்கவில்லை, வழக்கம்போல அவள் முகத்தைத்தான் பார்த்தார். பிறகு குடித்தார்.

"எனக்கு வாசனையே தெரியாதுங்கறதுதான்" என்றார், விட்ட இடத்திலிருந்து. "பொறந்ததுலேருந்தே அப்படித்தான். உன் மூஞ்சியப் பாத்துத்தான் எல்லாத்தையும் சொல்லிட்டிருந்தேன்."

குரல் முன்னைவிடக் கனத்து, நன்றாக ஊறியிருந்தது. மேசையில் ஓர் எறும்பு அவள் கோப்பையைச் சுற்றி வந்து முடித்தது.

"இதுக்கா பதினாலு வருஷம்?"

"ம்."

"சரி, இப்ப என் மூஞ்சியில என்ன தெரியுது, சொல்லுங்க."

அவர் நிதானமாகப் பார்த்தார். "தேன். வறுத்த பாதாம். ஆரஞ்சுத் தோல்." கொஞ்சம் தயங்கினார். "அடியில கொஞ்சம் கோவம்."

"கொஞ்சமா?" என்று கேட்டுக்கொண்டே அவள் அவருக்கு இன்னும் ஊற்றினாள்.

திங்கட்கிழமை இருவரும் மேனேஜர் முன் போய் நின்று உண்மையைச் சொன்னார்கள். அன்றிலிருந்து ருசி பார்க்கும் மேசையில் அவள் உட்கார்ந்தாள். அவர் எதிரில் நின்று அவள் முகத்தில் இருப்பதைப் படித்துச் சொன்னார். மூக்கர் என்ற பெயர் அவளுக்குப் போயிற்று. மிச்சம் ஏழு பாட்டில்களை வருடத்துக்கு ஒன்றாகத் திறந்தார்கள், ஒவ்வொரு முறையும் எறும்புகளுக்கென்று தட்டில் அரை ஸ்பூன் ஊற்றி வைத்தார்கள்.