படகுக்கு ஈடு

வலது தோளில் ஆரம்பித்த வலி முதுகு வழியாக இறங்கி இடுப்பில் வந்து உட்கார்ந்துகொண்டது. பனையோலைப் பட்டையால் தண்ணீரை மொண்டு வெளியே வீசும்போதெல்லாம் அங்கமுத்து பல்லைக் கடித்தான். மழை விடாமல் ஊற்றியது. இறைத்ததில் பாதி வானத்திலிருந்து திரும்பி வந்தது. சொந்தத் தோணியாக இருந்தால், மூழ்கினால் மூழ்கட்டும் என்று போய்ப் படுத்திருப்பான். இது ஒல்லாந்தக் கப்பித்தானின் படகு.

ஐப்பசி பிறக்குமுன் கப்பித்தான் தன் பெரிய கப்பலில் போய்விட்டான். மழைக்காலத்தில் இந்தக் கரையில் கப்பல் எதுவும் நிற்காது, வாடைக்காற்று தூக்கி மணலில் அடித்துவிடும். சின்னப் பாய்மரப் படகைக் கப்பலோடு கட்டி இழுத்துப்போகவும் முடியாது. அதனால் பழவேற்காடு ஏரிக்குள், முகத்துவாரத்துக்கு உட்பக்கம் இருந்த ஆழமான ஓடையில், நங்கூரம் போட்டு விட்டுப்போனான். காவலுக்குக் கோட்டைக்குப்பத்து அங்கமுத்து. கூலி, மாதம் ஒரு மூட்டை அரிசி.

கப்பித்தான் ஒல்லாந்தர் கோட்டையைச் சேர்ந்த ஆள் இல்லை, தனி வியாபாரி. போன வருஷம் வேறொரு ஊரில் விட்டுப்போன படகில் பாயும் கயிறும் காணாமல் போயிருந்தன. அதனால் இந்தமுறை ஈடு கேட்டான். பொன் கேட்கவில்லை. அங்கமுத்துவின் தம்பி நீலமேகத்தைக் கேட்டான்.

துபாஷி அப்துல் ஷுக்கூர்தான் இரண்டு பேருக்கும் நடுவே மணலில் நின்று மொழிபெயர்த்துப் பேசினார்.

“தையில வருவாரு. படகு முழுசா இருந்தா தம்பி முழுசா வருவான். ஆழத்த வுட்டு நகத்தாத, கயித்த இறுக்காத. அவ்ளோதான் பேச்சு.”

“படகுக்கு ஏதாச்சும் ஆனா, மரக்காயரே?”

துபாஷி கப்பித்தானிடம் அதைக் கேட்கவே இல்லை. “அத எதுக்கு கேக்கணும்? ஆவாம பாத்துக்கோ.”

நீலமேகம் சிரித்தான். “மீனே இல்லாத வருஷம். இங்க உன் சோத்துல பங்கு கேக்கறதுக்கு பதிலா அங்க போய் தின்னுட்டு வரேன், வுடுண்ணா.”

அங்கமுத்து விட்டுவிட்டான். கப்பலேறிப் போனவர்களில் திரும்பி வந்த ஒருத்தனைக்கூட அவனுக்குத் தெரியாது. பஞ்சத்தில் சோற்றுக்காக ஏறியவர்கள், விற்கப்பட்டு ஏறியவர்கள், யாரும் வரவில்லை. ஆனால் அவர்களுக்கெல்லாம் ஈடாகக் கரையில் ஒரு படகு நிற்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

இப்போது கார்த்திகை. அவன் பெண்டாட்டி கஸ்தூரி கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு வந்து கூழ்ச் சட்டியை அவனிடம் நீட்டினாள். முழங்கால்வரை சேறு.

“அடுப்புல தண்ணி பூந்துடுச்சு,” என்றாள். “பெரியதனம் எல்லாரையும் அம்மன் கோயிலாண்ட கூப்ட்டிருக்காரு. முகத்துவாரத்த வெட்டப் போறாங்களாம்.”

அங்கமுத்து கூழைக் குடிக்கவில்லை. ஆறுகள் எல்லாம் ஏரிக்குள் வந்து கொட்டிக்கொண்டிருந்தன. முகத்துவாரத்தை மணல் மேடு அடைத்திருந்தது. வெட்டினால் மொத்த ஏரியும் அந்த ஒரு வாய் வழியாகக் கடலுக்கு ஓடும். படகு நிற்பது அந்த வாயில்.

கோயிலைச் சுற்றியும் தண்ணீர்தான். ஆம்பிளைகள் கோவணத்தோடு நின்றிருந்தார்கள். ஊர்ப் பெரியதனம் ஆதிநாராயணன் கோயில் படியில், கஸ்தூரிக்குத் தாய்மாமன். அங்கமுத்து வருவதைப் பார்த்ததும் கூட்டத்தில் நின்ற நாகப்பன் என்ற வலைக்காரன் வாயைத் திறந்தான்.

“வராரு பார், கப்பித்தானோட மச்சான். அரிசி மூட்டை வீட்ல பத்திரமா கீதா? நாங்க எல்லாம் தண்ணியதான் குடிக்கறோம்.”

“ரெண்டு நாள் பொறுங்க மாமா,” என்றான் அங்கமுத்து, ஆதிநாராயணனைப் பார்த்து. “மழை வுட்டா நங்கூரத்த எடுத்து வடக்கால கொண்டுபோறேன். அங்கயும் ஆழம் இருக்குது.”

“ரெண்டு நாள்ல என் வூட்டுச் செவுரு கரைஞ்சி பூடும்டா.”

“அந்தப் படகு போனா இன்னா?” என்றான் நாகப்பன். “அவங்கிட்ட நூறு கீது.”

“அது போனா என் தம்பி வரமாட்டான்.”

எல்லாருக்கும் நீலமேகத்தைத் தெரியும். நாகப்பனின் வலைக் கிழிசலைத் தைத்துக் கொடுத்தவன் அவன்.

ஆதிநாராயணன் படியிறங்கித் தண்ணீரில் நின்றார். “நாளைக்குக் காலைல வெட்டறோம். அதுல மாத்தமில்ல. ஆனா அதுக்கு முந்தி எல்லாரும் சேந்து அந்தப் படக இங்க இழுத்தாந்துடலாம், நம்ம தோணிங்க நிக்கற எடத்துக்கு. அங்க இழுப்பே கிடையாது.”

“ஆழத்த வுட்டு நகத்தாதன்னு சொல்லியிருக்கான் மாமா.”

“ஏரியப் பத்தி அவனுக்கு இன்னாடா தெரியும்? தரையில உக்காந்த தோணிய எந்த வெள்ளம் அடிச்சிக்கினு போச்சு, சொல்லு?”

அப்படி ஒன்று நடந்ததே இல்லை. ஆதிநாராயணன் அம்மன் விளக்கின்மேல் கையை வைத்தார். “படகுக்கு ஒண்ணுன்னா இந்த ஊரு வந்து நிக்கும். கப்பித்தான் கேட்டா நான் பதில் சொல்றேன். நீலமேகத்த மீட்டுக் குடுக்கறது ஊர்ப் பொறுப்பு.”

அன்று மாலைக்குள் முப்பது நாற்பது பேர் சேர்ந்து படகை இழுத்து வந்தார்கள். நாகப்பனும் கழுத்தளவு தண்ணீரில் தோள் கொடுத்தான். தோணிகளுக்கு நடுவே நிறுத்தி, முன்னும் பின்னும் பனங்கம்பங்களில் கயிற்றை இறுக்கிக் கட்டினார்கள். அசையாமல் இருக்கட்டும் என்று நாகப்பன் இன்னொரு முடிச்சும் போட்டான். அங்கமுத்து மூழ்கி அடியைத் தடவிப் பார்த்தான். படகின் அடிக்கட்டை கத்தி முனைபோல் கீழே நீண்டிருந்தது. தரைக்கும் அதற்கும் இடையே ஒரு முழம் தண்ணீர். போதும் என்று நினைத்தான். அவன் பிறந்ததிலிருந்து பார்த்த தோணிகள் எல்லாம் தட்டை அடி. தண்ணீர் வடிந்தால் அவை எருமை மாதிரி சேற்றில் படுத்துக்கொள்ளும், திரும்பி வந்தால் எழுந்துகொள்ளும்.

விடிந்ததும் வெட்டினார்கள். மண்வெட்டியும் கைகளுமாக மணலில் ஒரு கால்வாய் கீறினார்கள். முதலில் கணுக்கால் அளவுக்கு ஒழுகிய தண்ணீர், பொழுது ஏறுவதற்குள் இரண்டு பக்கக் கரையையும் தின்றுகொண்டு, சத்தம் போட்டுக்கொண்டு கடலுக்குள் பாய்ந்தது. கப்பித்தானின் படகு நின்றிருந்த ஓடை பழுப்பு நுரையாகச் சுழன்றது. பார்த்தவர்கள் அங்கமுத்துவின் முதுகில் தட்டினார்கள். அவனும் சிரித்தான்.

பெண்கள் வீடுகளிலிருந்து சேற்றை வாரி வெளியே போட்டார்கள். மதியத்துக்குமேல் யாரோ கூவினார்கள். “உன் வெள்ளைக்காரி தூங்கறா பார்!”

படகு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. முதலில் ஊரே சிரித்தது. அங்கமுத்து ஓடினான். அடியில் தண்ணீர் இல்லை, அடிக்கட்டை சேற்றில் குத்தி நின்றது. அதன்மேல் படகு நிற்க முடியாமல் மெல்ல மெல்லப் புரண்டது. இறுகிய கயிறு மேல்பக்கத்தைப் பிடித்து இழுத்தது.

“கயித்த அறுங்கடா!”

நாகப்பன் கத்தியோடு பாய்ந்தான். அறுந்ததும் படகு ஒரே அடியாகப் பக்கத்துக் கம்பத்தின்மேல் விழுந்தது. உள்ளே எலும்பு முறிவதுபோல் சத்தம் கேட்டது. பாய்மரம் பாதியில் ஒடிந்தது. யாரும் சிரிக்கவில்லை.

கெட்டது அதோடு நிற்கவில்லை. சாயங்காலம் திறந்த முகத்துவாரம் வழியாகக் கடல் ஓதம் ஏரிக்குள் ஏறியது. படுத்துக் கிடந்த படகு எழும்புமுன் தாழ்ந்த விளிம்பு வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்தது. தோணிகள் எல்லாம் மிதந்தன. படகு நிறைந்து சேற்றில் கிடந்தது.

முதல் சில நாள் ஊர் வந்தது. உருளைக்கட்டை போட்டு நிமிர்த்தினார்கள், தண்ணீர் இறைத்தார்கள். பிறகு எறா வந்தது. வாய் திறந்ததும் கடலிலிருந்து இறால் கூட்டம் கூட்டமாக உள்ளே ஏறியது. அப்படி ஒரு மீன்பாடு பல வருஷமாக யாரும் பார்த்ததில்லை. பெண்கள் இடுப்பில் பறிக்கூடை கட்டிக்கொண்டு கையாலேயே துழாவிப் பிடித்தார்கள். ஒரு நாள் படகைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள், மறுநாள் நான்கு பேர். கடைசியாக நாகப்பன் வந்தான். “பசங்க பட்டினி கிடந்தாங்கண்ணா, இப்ப விட்டா எப்ப?” என்று சொல்லிவிட்டுப் போனான். அங்கமுத்துவால் அவனைத் திட்ட முடியவில்லை.

அவனும் கஸ்தூரியும் தேங்காய் நாரும் குங்கிலியமும் அடைத்து விரிசலை மூடினார்கள். உள்ளே ஒடிந்த மரத்தை அவர்களால் மாற்ற முடியவில்லை. படகு மிதந்தது, ஆனால் ஒரு பக்கம் கனத்து, நொண்டிபோல் மிதந்தது.

தை பிறந்ததும் கப்பல் வந்து கடலில் நின்றது. கப்பித்தான் சலங்குத் தோணியில் முகத்துவாரம் வழியாக ஏரிக்கரைக்கு வந்தான். கூடவே துப்பாக்கிக்காரர் இரண்டு பேர், துபாஷி. நடுப்பலகையில் நீலமேகம். கறுத்து, மெலிந்து, தலையில் துணி சுற்றி உட்கார்ந்திருந்தான்.

“ண்ணா!” என்றான். “நீ கூலி அரிசியா தின்னுத் தின்னு உப்பியிருப்பேன்னு நெனச்சேன். என்னவிட மோசமா கீற.”

கப்பித்தான் படகுக்குள் இறங்கிப் போனான். உள்ளே கைத்தடி மரத்தில் தட்டும் சத்தம் ஒவ்வொரு இடமாகக் கேட்டது. வெளியே வந்து சின்னக் குரலில் இரண்டு வார்த்தை சொன்னான்.

துபாஷி தரையைப் பார்த்தார். “படகு முழுசா இல்லயாம். தம்பி வேலை செஞ்சி கழிக்கணுமாம்.”

“எவ்ளோ நாளைக்கு? கேளுங்க மரக்காயரே. எந்த ஊர்ல?”

துபாஷி கேட்கவில்லை.

“பெரியதனம் பதில் சொல்வாரு. கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க!” அங்கமுத்து ஊருக்குள் ஓடினான். ஆதிநாராயணன் வீட்டு வாசலில் இறால் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“மாமா, வந்துட்டான். வாங்க. நீலமேகத்தக் கொண்டுபோறான்.”

ஆதிநாராயணன் எழுந்தார். ஏரிக்கரைப் பக்கம் பார்த்தார். துப்பாக்கிகள் அங்கிருந்தே தெரிந்தன. “ஆளுங்க எல்லாம் ஏரில கீறாங்கடா. வரட்டும். எல்லாரும் சேந்து போலாம். நான் ஒருத்தன் போனா இன்னா ஆவும்?”

“கைய வெச்சி சொன்னீங்க மாமா.”

“போ. நீ போ, பின்னாலயே வரேன்.”

அவர் வரவில்லை. அங்கமுத்து திரும்பி வந்தபோது நொண்டிப் படகைச் சலங்கின் பின்னால் கட்டியிருந்தார்கள். அவன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கயிற்றைப் பிடித்தான். துப்பாக்கிக் கட்டை அவன் நெஞ்சில் இடித்தது. மறுபடி பிடித்தான், மறுபடி இடித்தது.

“வுடுண்ணா,” என்றான் நீலமேகம். இந்தமுறை சிரிக்கவில்லை. “வுட்டுடு. சுட்டுடுவாங்க.”

கஸ்தூரி கரையிலிருந்து மண்ணை வாரி எறிந்து கத்தினாள். சலங்கு முகத்துவாரத்து அலையைத் தாண்டியது. படகு பின்னாலேயே சாய்ந்து சாய்ந்து போனது.

பொழுது சாயும் நேரத்தில் ஆம்பிளைகள் பறி நிறைய எறாவோடு ஊருக்குள் வந்தார்கள். ஆதிநாராயணனும் அவர்களோடு நின்றிருந்தார். அங்கமுத்து ஈரத் துணியோடு வழியை மறித்து நின்றான். யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நாகப்பன் ஒரு கூடையை அவன் காலடியில் வைத்தான்.

“எடுத்துக்கண்ணா. உன் பங்கு.”

“அடுத்த தைக்கு வந்துடுவான்பா,” என்றார் ஆதிநாராயணன்.

அங்கமுத்து கூடையைத் தொடவில்லை.

“எனக்கு எறா வேணாம்,” என்றான். “ஊரு வந்து நிக்கும்னு சொன்னீங்க, நிக்கல. இந்த ஊரு எனக்கு ஒரு ஆளக் கடன்பட்டிருக்குது. என் தம்பி நீலமேகத்த.”